தாத்தாவோட ஃபியட்டுக்கு எந்த கார்புரேட்டர்?

என் ஹாஸ்டல் ரூம் அலமாரியில ஒரு கார்புரேட்டர் இருக்கு. புத்தம் புதுசு, பளபளன்னு இருக்கும். 4,200 ரூபாய். அது எங்க வண்டிக்குப் பொருந்தல, திருப்பி எடுத்துக்கவும் மாட்டேன்னுட்டாங்க. ரூம்மேட் அதை பேப்பர் வெயிட்டா யூஸ் பண்றா. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு இப்படி ஏமாந்தது எப்படின்னு யோசிச்சப்பதான், இதை ஒரு கட்டுரையா எழுதிடலாம்னு தோணிச்சு. உங்க வீட்டு ஷெட்லயும் ஒரு பழைய வண்டி தூங்கிட்டு இருந்தா, நீங்களாவது அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். அம்மாவோட அப்பா, அதாவது எங்க தாத்தா, 1986ல வாங்கின பிரீமியர் பத்மினி. பேர் பத்மினின்னாலும் வீட்ல எல்லாரும் ஃபியட்டுன்னுதான் சொல்லுவோம். தப்பும் இல்ல, இத்தாலிக்காரங்களோட ஃபியட் 1100ஐத்தான் பம்பாய்ல பிரீமியர் கம்பெனி லைசென்ஸ் வாங்கிச் செஞ்சாங்க. 1974ல பத்மினின்னு பேர் வச்சாங்க. 1089 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன். மும்பையில கறுப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடிட்டு இருந்ததும் இதேதான். அங்க 2023 அக்டோபரோட நிறுத்திட்டாங்க.

தாத்தா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம், அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கணக்குப் போட்டா இந்த வருஷம் எங்களுக்கு முறை. மாமா ஒரே வார்த்தையில முடிச்சிட்டார்: "பொல்யூஷன் டெஸ்ட்ல பாஸ் ஆச்சுன்னா வச்சுக்கலாம், இல்லன்னா ஸ்கிராப்புக்குப் போட்டுடலாம்." பாட்டி ஒண்ணும் சொல்லல. ஆனா மறுநாள் காலைல ஷெட் கதவைத் திறந்து, வண்டி சீட்டைத் துடைச்சிட்டு இருந்தாங்க.

டெஸ்ட்ல என்ன ஆச்சு? கார்பன் மோனாக்சைடு 5.8 சதவீதம். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தின பெட்ரோல் கார்களுக்கு லிமிட் 3 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கூடவே ஐடிலிங் நிக்கல, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது. "கார்புரேட்டர் போச்சு, மாத்திடு"ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. எதை மாத்தறதுன்னு மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் மாருதி கார்புரேட்டர் போடச் சொன்னார். கஸின் ஒருத்தன் யூட்யூப் பாத்துட்டு வெபர் போடலாம்னான். நான் ஆன்லைன்ல "பழைய ஃபியட்டுக்குப் பொருந்தும்"னு ஒரு விளம்பரத்தைப் பாத்து ஆர்டர் போட்டேன்.

இங்க நிறுத்திட்டு கொஞ்சம் தியரி பேசிக்கலாம். ரெண்டாவது வருஷ ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல வெஞ்சுரிமீட்டர் எக்ஸ்பெரிமெண்ட் பண்ணினீங்களே, ஞாபகம் இருக்கா? ரெக்கார்டுல ரீடிங் சீனியர்கிட்ட காப்பி அடிச்சது மட்டும் ஞாபகம் இருந்தாலும் பரவாயில்ல. கார்புரேட்டர்ங்கறது அந்த வெஞ்சுரிதான். என்ஜின் காத்தை உறிஞ்சுது. அந்தக் காத்து ஒரு குறுகலான கழுத்து வழியா வேகமாப் போகுது. வேகம் கூடினா அந்த இடத்துல அழுத்தம் குறையும். பக்கத்துல மிதவைத் தொட்டியில பெட்ரோல் வெளிக்காத்தோட அழுத்தத்துல நிக்குது. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஒரு சின்ன ஓட்டை வழியா மேல தூக்கி காத்துல கலக்குது. அந்த ஓட்டைதான் மெயின் ஜெட். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. காத்து எவ்வளவு போகுதோ அதுக்கேத்த பெட்ரோல் தானா வரும்.

அப்ப கழுத்து எவ்வளவு குறுகலா இருக்கணும்? புது கார்புரேட்டர் வாங்கறதுல முக்கியமான கேள்வியே இதுதான். ஆனா கடையில யாரும் இதைக் கேக்கறதே இல்ல. நம்மளே கணக்குப் போட்டுடலாம்.

நாலு ஸ்ட்ரோக் என்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை முழுசா மூச்சு இழுக்கும். 1.089 லிட்டர், 5000 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 2722 லிட்டர். சிலிண்டர் எப்பவும் முழுசா நிரம்பாது, பழைய என்ஜினுக்கு 80 சதவீதம்னு வச்சுக்கலாம். சுமார் 2178 லிட்டர், அதாவது வினாடிக்கு 36 லிட்டர். இது 24 மி.மீ. கழுத்து வழியாப் போனா வேகம் வினாடிக்கு 80 மீட்டர். 28 மி.மீ. கழுத்துன்னா 59 மீட்டர். டாப் ஸ்பீடுல ரெண்டுமே ஓகே. பெருசுல தடை கம்மி, அதனால பெருசே நல்லதுன்னு தோணும். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இப்ப அதே கணக்கை 1500 ஆர்பிஎம்முக்குப் போடுங்க. செங்கல்பட்டு பஜார்ல மூணாவது கியர்ல ஊர்ந்துட்டு, திடீர்னு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கிறீங்க. 24 மி.மீ.ல வேகம் 24 மீட்டர். 28 மி.மீ.ல 17.7 மீட்டர். பெரிய வித்தியாசம் இல்லையேன்னு விட்டுடாதீங்க. உறிஞ்சு சக்தி வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி வரும். பெர்னூலில போட்டா முதல் கேஸ்ல சுமார் 346 பாஸ்கல், ரெண்டாவதுல 188 பாஸ்கல். பெட்ரோலோட உயரத்துல சொல்லணும்னா, ஒண்ணு 47 மி.மீ. தூக்கும், இன்னொண்ணு 26 மி.மீ.தான் தூக்கும். தொட்டியில பெட்ரோல் மட்டம் நாசில் வாயை விட சில மி.மீ. கீழதான் நிக்கும். அந்த ஏத்தத்துக்குப் போக மிச்சம் இருக்கறதை வச்சுதான் ஜெட் வழியா பெட்ரோலைத் தள்ளணும், அதைப் பொடிப்பொடியாவும் ஆக்கணும். பாதி சக்தி இருந்தா என்ன ஆகும்? பெட்ரோல் பத்தாது, வர்றதும் சொட்டுச் சொட்டா வரும். மிதிச்ச உடனே வண்டி ஒரு செகண்ட் செத்துப் பிழைக்கும். ஆக்சிலரேட்டர் பம்ப் இதை ஓரளவு மறைக்கும், முழுசா சரி பண்ணாது.

நான் வாங்கின அந்தப் பளபளப்பு ஐட்டம் சரியா இப்படித்தான். விளம்பரத்துல "34"ன்னு போட்டிருந்தது, எங்க பழசுல "32"ன்னு பொறிச்சிருந்தது, ரெண்டு மி.மீ. தானேன்னு விட்டுட்டேன். இதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, சோலெக்ஸ், வெபர் மாதிரி கார்புரேட்டர்கள்ல அந்த நம்பர் கழுத்தோட அளவே இல்ல; கீழ திராட்டில் தட்டு உட்கார்ற துளையோட விட்டம். கழுத்து உள்ள தனியா இருக்கும், அதோட அளவு வேற இடத்துல சின்னதா பொறிச்சிருக்கும். பார்சல் வந்து வெர்னியர் வச்சுப் பாத்தப்பதான் கழுத்து 28ன்னு தெரிஞ்சுது. ரெண்டாவது, கீழ இருக்கற ஃபிளாஞ்ச்ல ரெண்டு போல்ட் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒத்து வரல. ஸ்டட்லயே உட்காரல! கணக்குல தப்பு இருந்தா ஓடவாவது செய்யும். இது மாட்டவே முடியல.

அதனால, வாங்கறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டி மேஜை மேல வச்சு அளந்துடுங்க. போல்ட் தூரம், துளை விட்டம், கழுத்து விட்டம், மொத்த உயரம். உயரம் ஏன்னா, மேல ஏர் ஃபில்டர் வச்சு பானெட் மூடணும். ஆக்சிலரேட்டர் லிங்க் எந்தப் பக்கம் இழுக்குது, சோக் ஒயர் எந்தப் பக்கம் வருதுன்னு நாலு பக்கமும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. கூச்சப்படாதீங்க, பெரிய மெக்கானிக்கே கழட்டினதுக்கு அப்புறம் லிங்க்கை மறந்துட்டு நிப்பார்.

மாருதி கார்புரேட்டர் கதைக்கு வருவோம், ஏன்னா எந்த ஊர்லயும் உங்களுக்கு முதல்ல வர்ற அட்வைஸ் இதுதான். மாருதி 800ல வந்தது ரெண்டு பேரல் உள்ள டவுன்டிராஃப்ட். சாதாரணமா ஓட்டும்போது ஒரு பேரல் மட்டும் வேலை செய்யும். நிறைய காத்து தேவைப்படும்போது ரெண்டாவதும் திறக்கும். மேல போட்ட கணக்கைப் பாத்தீங்கன்னா இது எவ்வளவு புத்திசாலித்தனம்னு புரியும்: லோ ஸ்பீடுல சின்னக் கழுத்து, ஹை ஸ்பீடுல பெரிய கழுத்து, ரெண்டும் ஒரே டப்பாவுல. பழைய ஃபியட்ல இதைப் போட்டவங்க மைலேஜ் ஏறிச்சுன்னு சொல்றது சும்மா இல்ல. சென்னை புதுப்பேட்டையில தேடினா செகண்ட்ஸ்ல சுலபமா கிடைக்கும், பார்ட்ஸும் கிடைக்கும். அதுதான் இதோட பெரிய பிளஸ்.

ஆனா அது 796 சிசி மூணு சிலிண்டருக்காக ஜெட் பண்ணினது. 1089 சிசில அப்படியே மாட்டினா மெயின் ஜெட்டை மறுபடி பாக்கணும். நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் வேணும். அந்த பிளேட்ல துளைகள் நேரா சேரலன்னா உள்ள படி மாதிரி ஒரு விளிம்பு நிக்கும், பெட்ரோல் அங்க தேங்கும். சில மாடல்ல சோலினாய்டு இருக்கும், அதுக்கு சாவி போட்டா 12 வோல்ட் வர்ற ஒயர் கொடுக்கணும். கொடுக்க மறந்துட்டு "ஐடிலே வரல"ன்னு புலம்பின கதை நிறைய. நல்ல லேத் பட்டறை பக்கத்துல இருந்தா தாராளமா போகலாம். எனக்கு இது ரெண்டாவது சாய்ஸ்.

வெபர் பத்தி ஒரு பாரா போதும். 40 டிசிஓஇ மாதிரி சைடுடிராஃப்ட் ரெண்டு வச்சு சிலிண்டருக்கு ஒரு பேரல்னு கொடுக்கறது ரேஸ் வண்டிக்கு. சத்தம் சூப்பரா இருக்கும். அதுக்கு தனி மேனிஃபோல்டு வேணும், ரெண்டையும் ஒரே மாதிரி டியூன் பண்ண ஆள் வேணும். பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக இது வேண்டாம். ஸாரி டா கஸின்.

இப்ப யாரும் சொல்லாத சாய்ஸ்: மாத்தவே வேண்டாம்.

எங்க மெக்கானிக் அண்ணன் பழசைக் கையில வாங்கி, பெட்ரோல் ஊத்திப் பாக்கல, ஜெட்டைக் கூட கழட்டல. திராட்டில் தட்டு மாட்டியிருக்கற ஸ்பிண்டிலை ரெண்டு விரல்ல பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினார். லொடலொடன்னு ஆடிச்சு. "ஏம்மா, நாலு வருஷம் படிக்கிற, இதை ஆட்டிப் பாக்கலையா? இங்க ஏர் எடுக்குது பாரு"ன்னார். எனக்கு முகமே இல்ல.

நடந்தது இதுதான். நாப்பது வருஷம் மிதிச்சு மிதிச்சு ஸ்பிண்டில் ஓட்டை நீள்வட்டமா தேஞ்சு போச்சு. ஐடில்ல தட்டுக்குக் கீழ பலமான வெற்றிடம் இருக்கும். அந்த இடுக்கு வழியா கணக்குல வராத காத்து உள்ள புகுந்துடும். அதுவும் ஒரே அளவா வராது, ஸ்பிண்டில் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அதைப் பொறுத்து கூடும் குறையும். காத்து கூடின நேரத்துல வண்டி ஆஃப் ஆகுது. ஆஃப் ஆகாம இருக்க முன்னாடி யாரோ மிக்சர் ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலை ஏத்தி வச்சிருக்காங்க. காத்து குறைஞ்ச நேரத்துல அந்த பெட்ரோல் எரியப் பத்தாம கார்பன் மோனாக்சைடா வெளிய போகுது. 5.8 சதவீதத்துக்குக் காரணம் ஒரு தேஞ்ச ஓட்டை!

இதுல இன்னொரு பாடமும் எனக்குக் கிடைச்சுது. நான் டெஸ்ட்ல பாஸ் ஆகறதுக்காக சின்ன மெயின் ஜெட் போடலாம்னு பிளான் வச்சிருந்தேன். அந்த டெஸ்ட் எடுக்கறது ஐடில்ல. ஐடில்ல மெயின் ஜெட் பெட்ரோலை வெளிய விடறதே இல்ல; தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கறதால கழுத்துல காத்து வேகமே இருக்காது. அப்ப வேலை செய்யறது தனியா ஒரு சின்ன பாதை, அதோட ஐடில் ஜெட், மிக்சர் ஸ்குரூ. மெயின் ஜெட்டைக் குறைச்சிருந்தா ரீடிங் அப்படியே இருந்திருக்கும், ரோட்ல மட்டும் வண்டி இழுக்காம போயிருக்கும்.

நீங்க வீட்ல செக் பண்ண: முதல்ல ஸ்பிண்டிலை ஆட்டிப் பாருங்க. அப்புறம் கார்புரேட்டரோட அடிப்பக்கத்தை ஒரு ஸ்டீல் ஸ்கேல் மேல வச்சு வெளிச்சத்துல பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா ஃபிளாஞ்ச் வளைஞ்சிருக்கு. போல்ட்டை ஓவரா டைட் வச்சா இது வரும். லேசா வளைஞ்சிருந்தா கண்ணாடி மேல எமரி ஷீட் ஒட்டித் தேச்சு சரி பண்ணிடலாம். பாடியில கீறல் விட்டிருந்தா, இல்ல துத்தநாகக் கலவை வெள்ளைப் பொடியா பொரிஞ்சு உள் பாதைகளைத் தின்னிருந்தா, அதோட ஆசையை விட்டுடுங்க. அப்பதான் புதுசு தேடணும். கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு லீக் கண்டுபிடிக்கற டிரிக்கை சூடான என்ஜின்ல மட்டும் பண்ணாதீங்க, பக்கத்துலயே சைலன்சர் மேனிஃபோல்டு, தீப்பிடிக்கும்.

எங்க பாடி நல்லா இருந்தது. லேத்ல அந்த ஓட்டையைப் பெருசாக்கி பித்தளை புஷ் அடிச்சு, புது ஸ்பிண்டில் போட்டாங்க. நீடில் வால்வு, சீட், கேஸ்கெட் எல்லாம் கிட்டா வாங்கினோம். மொத்தம் 1,900 ரூபாய். அலமாரியில தூங்கறதோட விலையில பாதி கூட இல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பழைய மாதிரியே வைக்கல. 1986ல இந்த வண்டி குடிச்சது சுத்தமான பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால். பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனால் கலந்தா சராசரி 13.5 கிட்ட வரும். அதாவது அதே காத்துக்கு சுமார் 8 சதவீதம் அதிகமா எரிபொருள் ஊத்தணும். புது வண்டில ஆக்சிஜன் சென்சார் பாத்து கம்ப்யூட்டர் ஊத்திடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்ல, அது சுத்தமான பெட்ரோல் இருந்த காலத்து ஓட்டை வழியாவே அளந்து ஊத்தும், என்ஜின் லீனா ஓடி சூடாகும். ஜெட் மேல இருக்கற நம்பர் சோலெக்ஸ்ல மி.மீ.யில நூறுல ஒரு பங்கு, 120ன்னா 1.20 மி.மீ. பரப்பு விட்டத்தோட வர்க்கம். 120க்குப் பதிலா 125 போட்டா பரப்பு 8.5 சதவீதம் கூடும். கணக்கு அழகா ஒத்துப் போச்சு. உங்க வண்டியில என்ன நம்பர் இருக்கோ அதுல இருந்து சுமார் 4 சதவீதம் மேல போங்க, ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாத்தையும் எத்தனால் தாங்கறதா மாத்திடுங்க. வண்டியை மாசக்கணக்கா நிறுத்தப் போறீங்கன்னா தொட்டியைக் காலி பண்ணிடுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்த வெள்ளைப் பொடிக்கு அதுவும் ஒரு காரணம்.

போன வாரம் மறுபடி டெஸ்ட். மாமாவும் வந்திருந்தார், கையைக் கட்டிட்டு ஓரமா நின்னார். என்ஜினை நல்லா சூடாக்கிட்டுதான் போனோம், குளிர்ந்த என்ஜின்ல சோக் போட்டுட்டுப் போனா எந்த வண்டியும் பாஸ் ஆகாது. ரீடிங் 2.1 சதவீதம். மாமா அந்தச் சீட்டை வாங்கி ரெண்டு தடவை படிச்சார். "உங்க தாத்தா இருந்திருந்தா ஃபிரேம் போட்டிருப்பார்"னு சொல்லிட்டு அவரே ஓட்டறேன்னு சாவியை வாங்கிக்கிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி முன் சீட்ல உட்கார்ந்து ஒரு ரவுண்டு போனாங்க. திரும்பி வந்து இறங்கும்போது, "லேசா பெட்ரோல் வாசனை வருதே"ன்னாங்க. கரெக்ட்தான். மிதவை மட்டம் ஒரு மி.மீ. ஏறி நிக்குதுன்னு நினைக்கிறேன், நீடில் சீட்டுக்கு அடியில இன்னொரு வாஷர் போட்டுப் பாக்கணும். சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.